சீக்கிரம் அடித்த மணி

"இது விளையாட்டில்லை மேடம். சைபர் கிரைம். பொண்ணுக்குப் போன மாசம் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. சின்னப் பிள்ளைன்னு யாரும் வக்காலத்து வாங்க முடியாது."

பள்ளி முதல்வர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். எதிரே பெண் சப்-இன்ஸ்பெக்டர், எழுதத் தோதாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சுவரோரம் அந்தப் பெண் நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'வாலு'. பக்கத்தில் அவள் அம்மா, கண்டக்டர் சீருடையோடு பஸ்ஸிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள்.

கதவுப் பக்கம் கணக்கு வாத்தியார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். அங்கே மணி அடிப்பது கம்ப்யூட்டர். நேற்று யாரோ ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, வீட்டுக்குப் போகிற மணியை ஒரு பாடவேளை முன்னாலேயே அடிக்க வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஹோவென்று கிளம்பிவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஒரு நாற்காலிகூட உடையவில்லை. ஆனால் நிர்வாகத் தலைவர் பள்ளியைப் பார்க்க வந்து இறங்கிய நேரம் அது. அவர் கண்ணெதிரே பள்ளிக்கூடம் காலி. முதல்வரின் மானம் கப்பலேறிவிட்டது. அந்தக் கோபம்தான் இத்தனைக்கும்.

"பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பள்ளிக்கூடத்துப் பேருதான்."

"கேமரா?"

"ரிப்பேர்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏம்மா, நீதான் பண்ணினியா?"

வாலு தரையைப் பார்த்தாள். ஒன்று கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற வாய். இன்றைக்கு அதைத் திறக்கவே இல்லை.

"சொல்லித் தொலையேன்டி," என்றாள் அம்மா. "காலேஜ் சீட்டு கைக்கு வர்ற நேரத்துல ஏன்டி உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறே?"



"அவ சொல்லவே வேண்டாம்," என்றார் முதல்வர். "நம்ம கணக்கு சார் இருக்காரு. வயித்து வலின்னு அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் கிளாஸை விட்டுப் போயிருக்கா. போன கொஞ்ச நேரத்துல மணி அடிச்சிருக்கு. வேற யாரும் அந்த நேரத்துல வெளியே வரலை. அவர் எழுதிக் கொடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். உதட்டில் ஒரு சிரிப்பு.

"என்ன சார்? மணி அடிச்சதும் கேட்டைத் தாண்டி முதல்ல ஓடினது நீங்கதான்னு வாட்ச்மேன் சொல்றான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பர்மிஷன் கேட்டீங்க, நான் தரலை. உங்களுக்கும் வசதியாப் போச்சு, இல்லையா?"



நேற்று வாத்தியாருடைய அப்பாவுக்கு இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று, பன்னிரண்டாம் வகுப்பு வாசலில் நின்று முதல்வரிடம் கெஞ்சினார். "தலைவர் வர்ற நாள் சார். உங்களை விட்டா எல்லாரும் கிளம்புவாங்க" என்று சொல்லிவிட்டு முதல்வர் போய்விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனால், போர்டில் போட்ட கணக்கு தப்பு. அழித்துப் போட்டார், அதுவும் தப்பு. வாலுதான் எழுந்து திருத்தினாள்.

அப்புறம் மணி அடித்தது. ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. யார் செய்த புண்ணியமோ என்று ஓடினார். ஸ்ட்ரெச்சரில் அப்பா இவர் கையைப் பிடித்து அழுத்தினார். ஆபரேஷன் முடிந்தும் இன்னும் கண் திறக்கவில்லை.

இப்போது கொஞ்சம் தயங்கினாலும் போதும், 'நீயும் கூட்டா' என்று முதல்வர் கேட்டுவிடுவார். வேலை போகும். அப்பாவின் வைத்தியம்?

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுங்க சார். நிறையப் பிள்ளைங்க வெளியே போகும், வரும். யார் எப்பப் போனாங்கன்னு சரியா ஞாபகம் இல்லைன்னா, இல்லைன்னே எழுதிக்கிறேன். அதோட இது நின்னுடும். நீங்க கையெழுத்துப் போட்டுட்டா கோர்ட்டுக்குப் போயிடும்."

இதைவிடத் தெளிவாக ஒரு போலீஸ்காரர் எப்படிச் சொல்ல முடியும்? அம்மா இரண்டு கையையும் கூப்பினாள்.

"சார், உங்க கிளாஸ்னா காய்ச்சலோட கூட எழுந்து ஓடுவா சார் இவ."

முதல்வர் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இருக்கு மேடம்," என்றார் வாத்தியார். "இவதான் போனா. வேற யாரும் போகலை."

யாரும் கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் சொன்னார். "தப்பு தப்புதான். படிக்கிற பொண்ணுன்னு பார்த்தா, நாளைக்கு ஒழுங்குன்னு ஒண்ணு இருக்காது."

கையெழுத்துப் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் அதை வாங்கி மடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்தார்.

"வாம்மா."

அம்மாவின் அழுகைச் சத்தத்துக்கு மேலாக முதல்வர் போனில் பேச ஆரம்பித்தார். "ஐயா, பிடிச்சுட்டோம் ஐயா. ஆமா, அரெஸ்ட்தான்."

கதவைத் தாண்டும்போது வாலு வாத்தியார் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். முதல்வர் போனில்தான் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, வாத்தியார் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"உள்ளே கொண்டுபோறதுக்குள்ள அப்பா முகத்தைப் பார்த்துட்டீங்கல்ல சார்?"