என் முகம் பேசிய பேச்சு

நோய்க்காக ஊரை அடைத்தபோது வீட்டுக்கு ஒரு திரையை மாட்டிவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர்கள் கூப்பிட்டு நாம் எடுக்காவிட்டால், நம் முகத்தோடும் நம் குரலோடும் அதுவே பேசிவிடுமாம். எனக்குப் படிப்பு கம்மி. அதற்காக என் முகத்தை ஒரு பெட்டியிடம் கொடுக்கிற அளவுக்கு மடையன் இல்லை. பின்னறையில் மாட்டச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

என் அண்ணன் ஆவுடையப்பனோடு எனக்குப் பேச்சு கிடையாது. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகனான நான். நான் வண்டி பிடித்து வந்து சேருவதற்குள் அவனே வைத்துவிட்டான்.

இன்று காலை மதினி போனில் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் போயிட்டாக, கொழுந்தனாரே. நிம்மதியாத்தான் போனாக. கொள்ளி வச்சத மன்னிச்சிட்டேன்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாக. உங்ககூடப் பேசுறதுக்குன்னே தினமும் சவரம் பண்ணி உக்காருவாக."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "சரி மதினி" என்றேன்.

பின்னறைக் கதவைத் திறந்தேன். திரையில் அண்ணன் முகமும் என் முகமும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தன. அண்ணன் வீட்டுத் திரையும் அவன் இல்லாமல் தானாகவே பேசுகிறது. தெரிந்தும், ஒரு வார்த்தை நானாகப் பேச வேண்டும்போல் இருந்தது.

"அண்ணே" என்றேன்.

சிரிப்பு நின்றது. இரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன.

"உன் வீட்ல யாருல அது?" என்று அண்ணன் கேட்டான்.

"தெரியலண்ணே" என்றது என் முகம். "நீ மேல சொல்லு."