சுற்றளவு தெரியாத அப்பா

"அப்பா, சுற்றளவுன்னா என்ன, பரப்பளவுன்னா என்ன? நாளைக்குப் பரீட்சை. சட்டுனு சொல்லுங்க."

வாலு நோட்டும் கையுமாக வந்து அப்பாவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் வரும் சொற்களை ஒரு பக்கம் நிறைய எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் படித்துவரச் சொல்லியிருந்தார் கணக்கு சார். உண்மையில் அவளுக்குப் பரீட்சையைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. வீட்டைப் பற்றித்தான் கவலை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா அப்பாவோடு பேசவில்லை.

அம்மா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள். மாமா வீட்டு விருந்தில், ஒரு வாடிக்கையாளர் ஓவியத்தைத் தலைகீழாகச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போன கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய கதை. அப்பா விட்டால்தானே? "செவ்வாய் இல்ல, புதன்", "ரெண்டடி இல்ல, ரெண்டரை", "அவர் மச்சான் இல்ல, சித்தப்பா பையன்" என்று வரிக்கு வரி திருத்தினார். திருத்துவது அவருக்கு ஊறிப்போன பழக்கம். கடைசியில் எல்லோரும் கதையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றைக்கு வாயைப் பூட்டியவள்தான். உப்பு வேண்டுமா, மின்விசிறியைப் போடட்டுமா, எல்லாமே வாலு மூலமாகத்தான். தூது போய்ப் போய் அவளுக்கு அலுத்துவிட்டது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அப்பா மோவாயைத் தடவினார். கூடத்தின் மறுகோடியில் அம்மா இரும்பு ஸ்கேல் வைத்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சுற்றளவுன்னா உள்ள எவ்வளவு இடம் இருக்குங்கிறது. பரப்பளவுன்னா சுத்தி வர்ற தூரம்."

வாலு அப்பாவையே பார்த்தாள். "நிஜமாவாப்பா?"

"எழுதிக்கோ."

அம்மாவின் கத்தி சற்று நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"சரி, சராசரி?"

"எல்லா எண்ணையும் கூட்டி ரெண்டால வகுக்கணும்."

"அஞ்சு பேர் மார்க் இருந்தா?"

"அப்பவும் ரெண்டுதான். எத்தனை பேரா இருந்தா நமக்கென்ன?"

கத்தி மறுபடி நின்றது.

"இதை எழுதினா மார்க் விழுமாப்பா?"

"தாராளமா விழும். நான் கேரண்டி."

வாலு எழுதிக்கொண்டாள். எழுதும்போது ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். "பகா எண்?"

"ஒத்தப்படை எண் எல்லாமே பகா எண்தான். ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது..."

"ஒன்பது எப்படிங்க பகா எண் ஆகும்? மூணால வகுபடாதா?"

கேட்டுவிட்டு அம்மாவே திடுக்கிட்டுப் போனாள். "நான் இவகிட்ட சொன்னேன்" என்று மகளைக் காட்டினாள். 'எப்படிங்க' என்றா மகளிடம் கேட்பார்கள்?

"அப்ப, ஒண்ணு?" என்றார் அப்பா, ரொம்பப் பவ்யமாக.

"ஒண்ணு பகா எண்ணே கிடையாது. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடணும், அந்த ரெண்டும் வேற வேறயா இருக்கணும்." அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "தள்ளுங்க. இங்க பாருங்க. சட்டம் அடிக்க மரம் எடுக்கிறோமே, அது சுற்றளவு. மேல கண்ணாடி போடறோமே, அது பரப்பளவு. இதை மாத்திப் போட்டா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அடடா, இவ்வளவு நாள் இது தெரியாமப் போச்சே!"

"விட்டம், ஆரம்?" என்று அடுத்ததைக் கேட்டாள் வாலு.

"விட்டம் மாதிரி ரெண்டு மடங்கு ஆரம்."

"பாதிங்க, பாதி!"

அப்பா ஒன்று விடாமல் தப்புத் தப்பாகச் சொன்னார். அம்மா ஒன்று விடாமல் திருத்தினாள். நோட்டு எப்போது தன் கையை விட்டுப் போனது என்றே வாலுவுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தவள் மெல்ல நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எல்லாத்துக்கும் உங்க கணக்கு சாரைச் சொல்லணும்டி" என்றாள் அம்மா. "அவர் ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு வேலையை விட்டுட்டுப் பாடம் எடுக்கணும்?"

"அந்த ஆள் சரியில்லதான்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் தனக்குத்தான் தெரியும்னு நினைப்பு."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரே மூச்சுல இத்தனை தப்புப் பண்ணவும் ஒரு சாமர்த்தியம் வேணும்." உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்புறம், அந்தத் தலைகீழ்ப் படக்காரர் கடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமைதான்."

"செவ்வாய்தான்" என்றார் அப்பா. "ரெண்டடிதான்."

மறுநாள் வகுப்பில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி காதைக் கடித்தாள். "வீட்டுல ராசியாயிட்டாங்களா?"

"ஆயாச்சு." வாலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பாவுக்குக் கணக்கே வரலைன்னு அம்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாங்க."

"யாருக்கு, உங்கப்பாவுக்கா?" தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உஷ், வர்றாரு!"

"வணக்கம் சார்!" என்று வகுப்பே எழுந்து நின்றது.

கேள்வித்தாள் கட்டோடு உள்ளே வந்த அப்பா, சிவப்புப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "உட்காருங்க. முதல் கேள்வி, சுற்றளவு. எவனாவது, எவளாவது தப்பா எழுதினீங்க, தொலைச்சுடுவேன்!"