எங்கள் சரணம்

"நாலாவது சரணத்தை மட்டும் விட்டுடலாம்னு இருக்கோம்மா" என்றாள் சபேலா.

பாடகர் குழுவின் தலைவி அவள். சந்தியாகோ நகரத்திலிருந்து வந்திருந்தாள். கச்சேரி தொடங்கவிருந்தது, தேவாலயம் நிரம்பிக்கொண்டிருந்தது.

நான்காவது சரணம் எங்களுடையது.

அந்தக் காலத்தில் சந்தியாகோவுக்குப் போன யாத்ரீகர்கள் நடந்துகொண்டே பாடிய லத்தீன் பாட்டு அது. பாலத்தடியில் சத்திரம் நடத்திய லூரிதோவின் பெயர் அதில் வருகிறது. ஊர் பாட்டை மறந்த பிறகும், சந்தியாகப்பர் திருநாள் பூசையில் பாதிரியார் அந்த ஒரு சரணத்தை வாசிப்பார். லூரிதோ குடும்பத்தினரான நாங்கள் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்போம். வேறு யாரும் எழக் கூடாது.

"ஏன் விடணும்?"

சபேலா பாதிரியாரைப் பார்த்தாள். பாதிரியார் மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

"இந்தத் தடவை அர்த்தம் சொல்லிட்டுத்தான் பாடறோம். உங்க முன்னோர் யாத்ரீகர்களுக்கு உப்புக் கருவாட்டைப் போட்டு, தாகம் எடுத்ததும் தண்ணி கலந்த ஒயினை வித்தாராம். வம்சத்தையே சபிச்சிருக்காங்கம்மா."

என் தங்கை மகன் அமாரோ சிரித்தான். திரும்பிப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டான்.

எதிர் வரிசையில் பால்தொமேரோ ஃப்ரெய்ரே உட்கார்ந்திருந்தான். அவர்கள் குடும்பம் எந்தச் சரணத்திலும் இல்லை. இன்று நான் எழாமல் போனால், அதை அவன் சாகும்வரை சொல்லித் திரிவான்.

"பாடு. அர்த்தத்தையும் சொல்லு. கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

"ஒப்துலியா அம்மா, ஊரே சிரிக்கும்" என்றார் பாதிரியார்.

"சபிக்கிற அளவுக்கு எங்களை ஞாபகம் வெச்சிருந்தாங்க ஃபாதர். ஃப்ரெய்ரே வீட்டைத் திட்டக்கூட ஒருத்தருக்கும் தோணலை."

சபேலா அர்த்தத்தைச் சொன்னாள். ஊர் சிரித்தது. முதுகுப் பையோடு வந்திருந்த வெளிநாட்டு நடைப்பயணிகள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

பாட்டில் பெயர் வந்தது. எழுந்தேன். அமாரோ எழவில்லை, முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன்.

சிரிப்பு அடங்கியது. எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கைப்பேசிகள் என் பக்கம் திரும்பின. நான் முதுகை வளைக்கவில்லை.

அப்போது எதிர் வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது.

பால்தொமேரோ எழுந்து நின்றான், தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

அவனுடைய அப்பாவைப் பெற்றவள் எங்கள் வீட்டில் பிறந்தவள். ஃப்ரெய்ரேக்கள் அதை இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. லூகோ நகரத்துப் பெரிய இடத்துப் பெண் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

"உட்காரு" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"ஏன் முறைக்கறீங்க அக்கா? அந்தத் திருடன் எங்களுக்கும் தாத்தாதான்" என்றான், கைப்பேசிகளைப் பார்த்துச் சிரித்தபடி.

பாட்டு முடிந்ததும் நேராகப் பாதிரியாரிடம் போனேன். அடுத்த திருநாளுக்குள் இதை அவர் ஊருக்குத் தெளிவாக அறிவித்தாக வேண்டும்: அந்தத் திருடன் முழுக்க முழுக்க எங்கள் வீட்டுக்காரன்.