சூரியன் வரும் தேதி

என் தம்பி ஐவிண்ட் சமையலறை மேசையில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறான். மதியம் ஒரு மணி. ஜன்னலுக்கு வெளியே, வடதுருவத்தை ஒட்டிய எங்கள் துரோம்சோ நகரின் மலைகள் மேல் மங்கிய நீலம் மட்டும் தேங்கி நிற்கிறது. நவம்பரில் மறைந்த சூரியன் ஜனவரி இருபத்தொன்றில்தான் திரும்பும். கால்மணி நேரமாக ஒரே கிழங்கைக் கையில் வைத்திருக்கிறான். "அக்கா, டாக்டரைப் பாக்கலாம்னு இருக்கேன். நீயும் கூட வர்றியா?" "இருட்டுக் காலத்துல யாருடா சிரிச்சிக்கிட்டு இருக்காங்க? அந்த டாக்டரே போர்வைக்குள்ள கிடப்பாரு. இன்னும் ஒன்பதே நாள், சூரியன் வந்துடும்" என்று, வெயிலில்லாத மாதங்களில் இங்கே எல்லோரும் குடிக்கும் மீன் எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றி நீட்டுகிறேன். வாயைத் திறந்து விழுங்குகிறான். "கோடையிலயும் இப்படித்தானே இருந்தேன்" என்கிறான், கிழங்கைப் பார்த்தபடி. அது எனக்குத் தெரியும். இரவிலும் வெயிலடித்த ஜூலையில் அவன் பதினொரு நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொன்னவள் நான்தான். இப்போது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் சீவத் தொடங்குகிறான்.

நான்காம் நாள் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். சூரியன் சொன்ன தேதிக்கு வந்தது. மருத்துவ நிலையம் இப்போதும் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. நடந்தால் ஐந்து நிமிடம்.