செவலை கேட்ட கேள்வி

ஒரு மந்தையில செவலைன்னு ஒரு வெள்ளாடு. அதுக்கு மூணே கால்தான். மந்தைக்கு முன்னால போற கிடாவுக்கு வயசாயிட்டதால, அதோட கழுத்து மணியை அடுத்து யாருக்குக் கட்டுறதுன்னு பேச்சு வந்துச்சு.

"எனக்குக் கட்டுங்க. வழியெல்லாம் எனக்கு அத்துப்படி"ன்னுச்சு செவலை.

மந்தையோட மனசை அளக்க அணில் கிளம்பிச்சு. "செவலையைப் பிடிக்கும்னா இந்தக் கொட்டாங்குச்சியில ஒரு புளியங்கொட்டை போடுங்க."

"பாவம், தங்கமான பொண்ணு"ன்னு அத்தனை ஆடும் போட்டுச்சு.

அணில் துள்ளிக்கிட்டு வந்துச்சு. "அக்கா, நிறைஞ்சு வழியுது! மணி உனக்குத்தான்!"

"கேள்வி சரியில்லையேடி. என் பின்னால நடப்பீங்களான்னு கேட்டுட்டு வா."

அணில் திரும்பப் போய்க் கேட்டுச்சு. உடனே எல்லா ஆட்டுக்கும் பசி வந்துருச்சு. குனிஞ்சு மேய ஆரம்பிச்சுதுங்க. கண்ணு தெரியாத செம்மறிக் கிடா மட்டும் ஒரு கொட்டையைப் போட்டுச்சு. "மத்தவங்க நடையில யாரு எவருன்னே புரியாது. அவ தத்தி நடக்குற சத்தத்தைக் கேட்டுத்தான் நாலு வருசமா ஓடை தாண்டுறேன்."

"ஒண்ணுதான் அக்கா"ன்னு அணில் தலையைத் தொங்கப் போட்டுச்சு.

செவலை கழுத்தை நிமித்திச்சு. "முந்தி விழுந்ததையெல்லாம் ஓடையில கொட்டு. இந்த ஒண்ணு நிசம். மணி கிடக்கட்டும், வாங்க மாமா, கிளம்புவோம்."

ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் போயிருப்பாங்க. அணில் மூச்சு வாங்க ஓடி வந்துச்சு.

"அக்கா, ஊரையெல்லாம் கேட்டேன், என்னைக் கேக்கலையே! ரெண்டுன்னு வச்சுக்கோ."