அவள் தைத்த தலையணை உறை

“நல்லா முழங்காலை வச்சு அமுக்கு! வாயை நான் பிடிச்சுக்கறேன்.”

“இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் பிதுங்குதுங்க! ஐயோ, அவங்க வந்துடப் போறாங்களே!”

கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டியது ஒரு தலையணையோடுதான். தையலுக்கென்று ஓரத்தில் கூடுதலாகத் துணி விட வேண்டும் என்பதை அடியோடு மறந்துவிட்டு, தலையணையைத் துணிமேல் படுக்கப்போட்டு, அச்சாக அதே அளவுக்கு வெட்டியிருந்தான் அவன். இது நாலாவது உறை. முதல் உறையில் நாலு பக்கமும் தைத்து முடித்துவிட்டு, தலையணையை எந்த வழியாக நுழைப்பது என்று அரை நாள் யோசித்த மேதை அவன்.

எல்லாம் மனைவி வாயால் வந்த வினை. அம்மா வாங்கிக் கொடுத்த தையல் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “தலையணை உறையெல்லாம் இப்ப நானே தைக்கறேம்மா” என்று போனில் அளந்துவிட்டாள். “அப்படியா? வந்து பார்க்கறேன்” என்று அம்மாவும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“எங்கம்மா தையல்ல புலிங்க. சின்ன வயசுல என் கவுனெல்லாம் அவங்க தைச்சதுதான். தைக்க உட்கார்ந்தா கதவைச் சாத்திக்குவாங்க, நூல் கோக்க அப்பாவை மட்டும்தான் உள்ளே விடுவாங்க. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க!”

அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவனுக்கு மனசு தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளினான். தலையணை உள்ளே போனது. வாசலில் மணியும் அடித்தது.

மாமியார் செருப்பைக் கழற்றிய கையோடு படுக்கையறைக்கே வந்து உறையைத் தடவினார்.

“பிரமாதம்டி! என் கைவாகு அப்படியே வந்திருக்கு உனக்கு. எங்க, என் கண்ணு முன்னாடி ஒண்ணு தைச்சுக் காட்டு.”

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

“அவளுக்குக் கையில சுளுக்கு அத்தை!” என்று மாப்பிள்ளை உளறினான். அந்தச் சுளுக்குக் கையால்தான் அவள் அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

மாமியார் வாயைத் திறப்பதற்குள் மாமனார் குறுக்கே புகுந்தார். “வந்ததும் வராததுமா என்ன பரீட்சை வேண்டிக்கெடக்கு? அம்மாவும் பொண்ணும் போய் முதல்ல காபியைப் போடுங்க.”

இருவரும் சமையலறைக்குப் போனார்கள். மாமனார் தலையணையை மடியில் வைத்து, உறையின் ஓரத்தைத் திருப்பி, உள் தையலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான் மாப்பிள்ளை.

மாமனார் கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

“நூலை இவ்வளவு இறுக்கி வைக்காதீங்க மாப்ள. உங்க அத்தை பேர்ல தைக்க ஆரம்பிச்சப்போ எனக்கும் இப்படித்தான் சுருங்கிச்சு.”