ஒலியை நிறுத்தும் வேளை

கண்ணாடித் தட்டில் இதயச் செல்கள் வரிசையாக நின்றன. காதுக்கு எட்டாத ஒலிதான் அவற்றைப் பிடித்து நிறுத்தியிருந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஒருவனின் இதயத்தில் ஒட்டுப்போட, அவன் உடம்பிலிருந்தே எடுத்து வளர்த்தவை. போன தடவை ஒலியை நிறுத்தியதும் கலைந்துபோயின. ஆராய்ச்சியாளர் பூங்கோதைக்கு இன்று அதை நிறுத்தக் கை வரவில்லை. பார்க்க வந்திருந்த அவன் தாய் ரெஜினா, நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை.

"நிறுத்தணும்மா. பயமா இருக்கு."

"பிள்ளைய தட்டித் தூங்கவச்சுட்டு கைய வெடுக்குனு எடுப்பமா? மெதுவா எடுங்க."

பூங்கோதை குமிழை மெல்ல மெல்லத் திருகினாள். ஒலி முழுதும் அடங்கியது.

"கலைஞ்சிருச்சாம்மா?"

ரெஜினா நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல் மட்டும் மேசையில், நாடி துடிப்பதுபோல், ஒரே சீராகத் தட்டத் தொடங்கியது.